அளக்கும் கருவிக்கு வந்த நோய்

ரேடியோப் பெட்டி ஒன்று பாடாமற் போனால், மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் நிற்கிறது, எந்தக் கண்டென்ஸர் கசிகிறது என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். ஆனால் அந்த மீட்டரே நோய்வாய்ப்பட்டால் என்ன செய்வது? மின்சார அலையைப் படமாக வரைந்து காட்டுகிற ஆஸிலாஸ்கோப்பே கோணற் படம் காட்ட ஆரம்பித்தால் யாரிடம் போய் முறையிடுவது? வேலியே பயிரை மேய்ந்தால் என்ன கதி என்று நம் பெரியவர்கள் கேட்டு வைத்த கேள்வி, குடியானவர்களுக்கு மட்டும் உரியதன்று.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடியோடு செத்துப் போன கருவியால் யாருக்கும் தீங்கில்லை. முள் அசையாது, திரை ஒளிராது. நாமும் அதை நம்ப மாட்டோம். பாதி உயிரோடு இருந்துகொண்டு, கம்பீரமாக முள்ளை அசைத்துப் பொய் சொல்லுகிற கருவிதான் ஆபத்தானது. ஆஸிலாஸ்கோப்பின் முனையிலே மாட்டுகிற ‘புரோப்’ என்னும் தொடுகோலில் ஒரு சின்னத் திருகு உண்டு. அது சரியாகத் திருப்பப்படாவிட்டால் நல்ல சதுர அலையின் மூலைகள் கொம்பு முளைத்தாற் போலத் தோன்றும். அல்லது மழுங்கிப் போய்த் தோன்றும். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? குற்றம் ஆம்ப்ளிபயரில் இருப்பதாக எண்ணி, நோயே இல்லாத ஆம்ப்ளிபயரை அறுத்துச் சிகிச்சை செய்யத் தொடங்குவார். சிகிச்சை முடிந்ததும் அதற்கு உண்மையாகவே நோய் வந்துவிடும்!

ஆகவே, பழைய பரிசோதனைக் கருவிகளைப் பழுதுபார்க்கிறவருக்கு இரண்டு கடமைகள் இருக்கின்றன. கருவிக்கு உயிர் கொடுப்பது ஒன்று. அது உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. முதற் கடமையோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம் என்பது நம் அபிப்பிராயம்.

வெறுமே பொதுவாய்ப் பேசுவதைவிட ஒரு கருவியை எடுத்து மேஜைமீது வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. அமெரிக்காவில் ஆரிகான் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரில் 1946-ஆம் ஆண்டு ஹோவர்ட் வாலம், ஜாக் மர்டாக் முதலிய சில நண்பர்கள் சேர்ந்து டெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே ‘511’ என்ற ஆஸிலாஸ்கோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். திரையிலே அலையை ஓடவிடாமல், ஒவ்வொரு தடவையும் அலையின் அதே புள்ளியிலிருந்து வரையத் தொடங்கி, படம் அசையாமல் நிற்கும்படி செய்தது அதன் பெருமை. 1950-களின் நடுவில் அவர்கள் வெளியிட்ட ‘545’ என்ற கருவி ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் அரசோச்சியது. டஜன் கணக்கான வால்வுகள். சுமார் 30 கிலோ எடை. 500 வாட்டுக்கு மேல் மின்சாரம் தின்னும் பசி. மழைக் காலத்தில் அறையைச் சூடாக்கத் தனியாகக் கணப்பு வேண்டாம். இன்று அதைத் தூக்கி வைப்பதற்கே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது என்றாலும், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தவர்கள் அதை எடைக்குப் போட மனம் ஒப்புவதில்லை. வெள்ளைப் பீங்கான் பட்டைகளின் வரிசையில் ரெஸிஸ்டர்களும் கண்டென்ஸர்களும் பூத்தொடுத்த மாதிரி அமர்ந்திருக்கும்.

இப்படிப்பட்ட கருவி பத்திருபது வருஷம் ஏதோ ஒரு கல்லூரியின் கிடங்கில் தூங்கிவிட்டு நம் மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம்மவர்கள் முதலில் செய்யும் காரியம் என்ன? பிளக்கைச் செருகி, ஸ்விட்சைப் போட்டு, ‘எரிகிறதா பார்ப்போம்’ என்பதுதான். எரியத்தான் எரியும், ஆனால் எது எரியும் என்பது வேறு விஷயம்!

மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை கொடுக்க வேண்டும். கருகிய ரெஸிஸ்டர், வீங்கிய கண்டென்ஸர், எலி கடித்த கம்பி, எண்ணெய் வற்றிச் சுற்ற மறுக்கும் விசிறி ஆகிய இவற்றைக் கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை. விசிறி சுற்றாவிட்டால் இந்தக் கருவியில் உஷ்ணம் ஏறிக் காப்பு ஸ்விட்ச் தானே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ‘பத்து நிமிஷம் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது’ என்ற புகாரில் பாதி, ஒரு சொட்டு எண்ணெயோடு தீர்ந்து போகும். தூசி படிந்திருந்தால் கழுவிவிடலாம். ‘மின்சாரக் கருவியைக் கழுவுவதா!’ என்று திகைக்க வேண்டாம். டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் பழுதுபார்க்கும் நிலையங்களிலேயே கருவியைச் சோப்பு நீர் பீச்சிக் குளிப்பாட்டி, மிதமான சூடுள்ள அறையில் நன்றாய் உலர்த்தினார்கள். உலர்த்துவதில்தான் ரகசியமெல்லாம் இருக்கிறது. சென்னை போன்ற கடற்கரைப் பட்டணத்தில் ஐப்பசி மாதத்தில் கழுவிவிட்டு மறுநாளே மின்சாரம் கொடுப்பவருக்கு நாம் பொறுப்பல்ல. உயர்ந்த வோல்ட் உண்டாக்கும் டிரான்ஸ்பார்மரில் நீர் படாமல் மூடிவிடுவதும் அவசியம்.

அடுத்தபடி, மின்சாரம் இல்லாத நிலையிலேயே ஒவ்வொரு சப்ளை முனைக்கும் கருவியின் உடம்புக்கும் இடையே எத்தனை ஓம் இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். எங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கம்பெனியார் தங்கள் கைப்புத்தகத்திலே அச்சிட்டிருக்கிறார்கள். இந்தப் புத்தகங்களைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. அந்நாளில் கருவியை விலைக்கு வாங்கினவருக்கு அதன் முழு ஜாதகமும் சேர்த்தே கிடைத்தது. ஒவ்வொரு ரெஸிஸ்டரின் மதிப்பு, ஒவ்வொரு வால்வின் காலிலும் நிற்க வேண்டிய வோல்ட், இன்ன இடத்தில் அலை இப்படி இருக்க வேண்டும் என்கிற படம், எல்லாம் அதிலே இருந்தன. இக்காலத்துக் கருவிகள் பலவற்றோடு வருவது, ‘உள்ளே திறக்காதீர்கள்’ என்ற ஒரு துண்டுக் காகிதமே. வாங்கினவனுக்குத் தன் பொருளைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் உரிமை உண்டு என்று இன்று பல தேசங்களில் சட்டம் கேட்டு வாதாடுகிறார்களே, அந்த உரிமை எழுபது வருஷங்களுக்கு முன் கேளாமலே கிடைத்திருந்தது.

பழைய கருவிகளில் வயோதிகத்தால் முதலில் தளர்ந்து போகிறவை கண்டென்ஸர்கள். எலெக்ட்ரோலிடிக் கண்டென்ஸர் என்பது அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஆக்ஸைடுப் படலம் படிந்தது. நெடுநாள் மின்சாரம் படாமற் கிடந்தால் அந்தப் படலம் நைந்து போகும். திடீரென்று முழு வோல்ட்டையும் அதன் தலையில் கொட்டினால் உள்ளே கசிவு மிகுந்து, சூடேறி, சில சமயம் வெடித்தும் விடும். பட்டினி கிடந்தவனுக்கு முதல் வேளையிலேயே விருந்து வைப்பதுண்டா? கஞ்சி வார்த்துத்தானே தேற்றுகிறோம்? அதே போல், அதன் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, தனியான மின்சாரத்திலிருந்து பெரிய ரெஸிஸ்டர் ஒன்றின் வழியாகச் சிறிது சிறிதாக வோல்ட்டை ஏற்றிச் சென்றால், படலம் மறுபடியும் உண்டாகிவிடும். சில மணி நேரம் பிடிக்கும். அப்படியும் கசிவு குறையாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்; சென்னை ரிச்சி தெருவிலே புதிது கிடைக்கும்.

காகிதக் கண்டென்ஸர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை ஈரத்தை உறிஞ்சிக் கசிய ஆரம்பித்துவிட்டால் எந்தக் கஞ்சியும் உதவாது. மெயின்ஸ் கம்பியின் குறுக்கே மாட்டப்பட்டிருக்கும் ஒரு வகைக் காகிதக் கண்டென்ஸர், மஞ்சள் நிறக் கண்ணாடி போன்ற பூச்சுக்குள் அடைபட்டிருக்கும். 1970-களிலும் 80-களிலும் வந்த கருவிகளில் அதை நிறையப் பார்க்கலாம். பூச்சிலே மயிரிழை போல வெடிப்புகள் தென்பட்டால் மறு பேச்சில்லாமல் பிடுங்கிவிட வேண்டும். சில கருவிகளில் அது ஸ்விட்சுக்கு முன்னாலேயே மாட்டப்பட்டிருப்பதால், கருவியை ‘அணைத்து’ வைத்திருக்கும்போதே புகையைக் கக்கி வீட்டாரைத் தெருவுக்கு விரட்டும். ஸெலினியம் ரெக்டிபயர் எரிந்தால் இன்னும் மோசம். அழுகின வெள்ளைப் பூண்டின் நாற்றம் அடிக்கும். அந்தப் புகை விஷமும்கூட. அதற்குப் பதிலாகச் சிலிகன் டையோடு வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஸெலினியம் தானே விழுங்கிக்கொண்டிருந்த வோல்ட்டைச் சிலிகன் விழுங்காது. எனவே மேற்கொண்டு ஒரு ரெஸிஸ்டர் சேர்க்காவிட்டால் பின்னாலிருக்கும் பொருள்கள் எல்லாம் அளவுக்கு மிஞ்சிய வோல்ட்டில் வாழ நேரும்.

முதல் முதலாக மின்சாரம் கொடுக்கும்போது, பழைய மாதிரி இழை பல்பு ஒன்றைக் கருவியோடு தொடராக இணைத்துக்கொள்வது நம் ரேடியோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கையாளும் உபாயம். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து, வோல்ட்டைத் தானே வாங்கிக்கொள்ளும், கருவி பிழைக்கும். சின்ன ரேடியோவுக்கு 60 வாட் பல்பு போதும். 500 வாட் கேட்கிற 545-க்கு அதை மாட்டினால் நோயில்லாத கருவியிலும் பல்பு ஜகஜ்ஜோதியாக எரியும். கருவி விழிக்கவே விழிக்காது. யானைக்கு ஏற்ற சங்கிலியாக, பல பல்புகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு கடுமையான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவியின் படக்குழாய்க்கு 10,000 வோல்ட் போகிறது. எல்லோரும் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள், அஞ்ச வேண்டியதுதான். ஆனால் உண்மையில் ஆளைக் கொல்லும் வல்லமை அதிகம் உள்ளது, யாரும் மதிக்காத 350 வோல்ட்டும் 500 வோல்ட்டும். ஏனென்றால் 10,000 வோல்ட்டின் பின்னால் இருக்கும் மின்சார ஓட்டம் சொற்பம். 500 வோல்ட்டின் பின்னாலோ பருமனான கண்டென்ஸர்கள் நிறைந்து காத்திருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அவை விஷத்தை வைத்துக்கொண்டிருக்கும். ரெஸிஸ்டர் ஒன்றை வைத்து அவற்றை வடித்துவிட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பின்புதான் விரலை நீட்டலாம். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் இடக் கையைப் பையிலே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மின்சாரம் பாயும் வழியில் இருதயம் இருக்கிறது.

இன்னொரு கெட்ட பழக்கத்தைக் கண்டித்தே தீர வேண்டும். மெயின்ஸோடு நேரே தொடர்புள்ள டெலிவிஷன் பெட்டி முதலியவற்றை அளப்பதற்காகச் சிலர் ஆஸிலாஸ்கோப்பின் எர்த் கம்பியை வெட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு அந்தக் கருவியின் முன் பலகை, திருகு, கைப்பிடி எல்லாமே மெயின்ஸ் வோல்ட்டில் நிற்கக்கூடும். பழைய கருவி ஒன்று கைக்கு வந்தவுடன், வேறு எதைப் பார்க்காவிட்டாலும், மூன்றாவது கம்பி முழுதாய் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முன்னே வைத்திருந்தவர் எத்தகைய மனிதர் என்பது நமக்குத் தெரியாதல்லவா?

சரி, மின்சாரம் கொடுத்தாயிற்று. வால்வுகள் செந்நிறமாய்க் கனிகின்றன. அரை நிமிஷத்துக்கெல்லாம் உள்ளே ‘டக்’ என்று ஒரு ரிலே விழும் சப்தம் கேட்கிறது. வால்வுகள் சூடேறும் வரையில் உயர்ந்த வோல்ட்டைத் தடுத்து வைத்திருந்த காவற்காரன் இப்போதுதான் கதவைத் திறந்தான். ஆனால் திரையிலே புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. எங்கே தேடுவது? படக்குழாய் போய்விட்டதென்று தலையில் கை வைப்பவர் உண்டு. கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருப்புகிறவரும் உண்டு. இரண்டும் வேண்டாம். இந்தக் கருவிக்குள் 100, 225, 350, 500 வோல்ட் என்று நான்கு சப்ளைகளும், அவற்றோடு மைனஸ் 150 வோல்ட் என்று ஒன்றும் உண்டு. வாயு நிரப்பிய சிறு வால்வு ஒன்று ஏறக்குறைய மாறாத ஒரு வோல்ட்டைத் தருகிறது. அதை ஆதாரமாகக் கொண்டு மைனஸ் 150 தன்னை நிலைநிறுத்திக்கொள்கிறது. மற்ற நான்கும் மைனஸ் 150-ஐப் பார்த்துத் தங்களைத் திருத்திக்கொள்கின்றன. அது சாய்ந்தால் எல்லாம் சாயும். ஆதலால் எந்த நோயானாலும் முதலில் நாடி பிடித்துப் பார்க்க வேண்டிய இடம் மைனஸ் 150தான்.

அந்த வோல்ட்டைச் சரிசெய்ய ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். அதுதான் பழுதுபார்க்கிறவருக்கு வைத்த சோதனை! மீட்டரில் 146 காட்டினால், கை தானாகவே திருப்புளியைத் தேடுகிறது. பொறுங்கள். திரும்பினது அந்த ஒரு வோல்ட் மட்டுமல்ல. அதைச் சார்ந்த நான்கு சப்ளைகளும், நேரத்தை அளக்கும் பகுதியும், அலையின் உயரத்தை அளக்கும் பகுதியும், ஆக முழுக் கருவியின் நேர்மையுமே அதோடு திரும்புகின்றன. உங்கள் மீட்டர் சொன்ன 146 மெய்தானா என்று முதலில் கேட்க வேண்டும். அடுத்தாற்போல், திருகாமலே ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும். தளர்ந்த வால்வோ மதிப்பு மாறின ரெஸிஸ்டரோ காரணமாயிருந்தால், திருகைத் திருப்புவது காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உதறி இறக்குவதற்கு ஒப்பாகும்.

மீட்டர் மெய் சொல்லுகிறதா என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நல்ல மீட்டரும் அளக்கும்போதே அளக்கப்படும் பொருளைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது. 200 வோல்ட்டின் குறுக்கே பத்து லட்சம் ஓம் ரெஸிஸ்டர்கள் இரண்டைத் தொடராக வைத்தால் நடுவில் 100 வோல்ட் இருக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள மீட்டரை 100 வோல்ட் வரிசையில் வைத்து அங்கே தொட்டால், முள் 80-இல் நிற்கும். வோல்ட்டுக்கு 1,000 ஓம் மட்டுமே உள்ள மலிவான மீட்டரால் தொட்டால், 17-க்கு மேல் ஏறாது! மீட்டர் தனக்கென்று ஒரு பங்கு மின்சாரம் கேட்பதே காரணம். இக்காலத்து டிஜிட்டல் மீட்டர் கேட்கும் பங்கு மிகக் குறைவாதலால் 95-க்கு மேல் காட்டும். பழைய புத்தகத்தில் 80 என்று அச்சிட்டிருக்கிறது. புது மீட்டர் 95 என்கிறது. உடனே கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எந்த மீட்டரால் அளந்து அந்த எண்களை அச்சிட்டார்கள் என்பதைப் புத்தகத்தின் மூலையில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியைப் படிக்காததால் எத்தனை நல்ல வால்வுகள் குப்பைக்குப் போயிருக்கும்!

வால்வுகளைப்பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறோம். சந்தேகம் தோன்றினால் வேறொரு நல்ல வால்வை மாட்டிப் பார்ப்பதே சிறந்த வழி. வால்வு சோதிக்கும் இயந்திரங்களின் தீர்ப்பை முழுதும் நம்ப வேண்டாமென்று டெக்ட்ரானிக்ஸ்காரர்களே எழுதினார்கள். ஆனால் குற்றமில்லை என்று தெரிந்த வால்வை மறுபடியும் அதன் பழைய இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஒரே பெயருள்ள இரண்டு வால்வுகள் இரட்டைப் பிள்ளைகள் அல்ல. இடம் மாற்றினால் அளவுகளும் மாறும்.

அந்தப் பீங்கான் பட்டைகளைச் சொன்னோமே, அவற்றிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பீங்கானின்மேல் வெள்ளிப் பூச்சுப் பூசி, அதிலேதான் கம்பிகளைப் பற்ற வைத்திருக்கிறார்கள். சாதாரணப் பற்றாசு உருகும்போது அந்த வெள்ளியைத் தன்னோடு கரைத்துக்கொண்டு போய்விடும். நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் பட்டை பீங்கானாகவே நின்றுவிடும். அப்புறம் எதுவும் ஒட்டாது. ஆகவே நூற்றுக்கு 3 பங்கு வெள்ளி ஏற்கெனவே கலந்த பற்றாசையே உபயோகிக்க வேண்டும். இதை வெறும் எச்சரிக்கையாக எழுதிவிட்டு அவர்கள் நிற்கவில்லை. அந்தப் பற்றாசில் ஒரு சிறு சுருளை ஒவ்வொரு கருவியின் வயிற்றுக்குள்ளும் வைத்தே அனுப்பினார்கள்! என்றோ, எங்கோ, முகம் தெரியாத ஒருவர் இதைத் திறந்து செப்பனிடுவார் என்று எதிர்பார்த்துச் செய்த காரியம் அது. இன்றைக்கும் சில கருவிகளைத் திறந்தால் அந்தச் சுருள் தொடப்படாமல் அப்படியே இருக்கிறது.

இந்தக் குடும்பத்துக் கருவிகளில் மற்றொரு பிரசித்தமான நோய்: ஆரம்பத்தில் படம் தெளிவாக வரும். சூடேற ஏற, படம் பெரிதாகி, மங்கி, கடைசியில் மறைந்தே போகும். உயர்ந்த வோல்ட் டிரான்ஸ்பார்மரின் உள் பூச்சு காலத்தால் கெட்டு, சூட்டில் சக்தியை வீணாக்குவது இதற்கு ஒரு காரணம். படம் ‘பெரிதாவது’ நன்மையல்லவா என்று எண்ண வேண்டாம். வோல்ட் குறைந்தால் எலெக்ட்ரான் மெதுவாய்ப் போகும். மெதுவாய்ப் போகிறவனை எளிதில் திருப்பலாம். ஆகவே ஒரு வோல்ட் அலை ஒன்றே கால் வோல்ட்டாகத் தோன்றும். படம் மறைவதற்கு முன் அரை மணி நேரம் கருவி பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

நோயில்லாததை நோயென்று நினைப்பதற்கும் ஓர் உதாரணம் சொல்வோம். 1939-ஆம் ஆண்டு காலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ என்ற ஊரில், வீட்டுக் கார்க் கொட்டகையில், வில்லியம் ஹியூலெட்டும் டேவிட் பாக்கர்டும் தங்கள் முதற் பண்டமான ‘200ஏ’ ஆஸிலேட்டரைச் செய்தார்கள். செவிக்குக் கேட்கும் அலைகளை உண்டாக்கும் கருவி அது. அதன் அடுத்த மாதிரியில் எட்டை வால்ட் டிஸ்னி கம்பெனியார் ‘பாண்டேஸியா’ படத்துக்காக வாங்கினார்கள். அந்த ஆஸிலேட்டருக்குள் ஒரு சின்ன பல்பு இருக்கிறது. எரியாது. எரிய வேண்டியதும் இல்லை! அலை ஓங்கினால் பல்பின் இழை சற்றுச் சூடேறும். சூடேறினால் அதன் ஓம் கூடும். கூடினால் அலை அடங்கும். அடங்கினால் இழை ஆறும். அலை மறுபடி எழும். ஒரு காசுப் பல்பு, அலையின் உயரத்தை அடக்கி ஆளுகிறது. விஷயம் தெரியாதவர், ‘பல்பு எரியவில்லை’ என்று அதைப் பிடுங்கிவிட்டுக் கையில் அகப்பட்ட வேறொன்றை வைத்தால், அதன் பின்பு அந்த ஆஸிலேட்டர் பாடுவது சங்கீதமாக இராது.

வால்வு யுகம் போய் டிரான்ஸிஸ்டர் யுகம் வந்தபோது நோய்களும் மாறின. 1972-இல் வந்த ‘465’ ஆஸிலாஸ்கோப்பில், மிளகளவு டாண்டலம் கண்டென்ஸர்கள் ஷார்ட்டாகிச் சப்ளையையே படுக்க வைத்துவிடும். அதைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமல்ல. 1980-களுக்குப் பின் வந்தவற்றில்தான் விசித்திரமான வியாதி ஒன்று புகுந்தது. அளவுகளைத் திருத்தும் எண்களை எல்லாம் ஞாபகச் சில்லு ஒன்றிலே எழுதி, அது மறந்துவிடாதபடி சின்னப் பாட்டரி ஒன்றை உயிர்நாடியாக வைத்தார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் பாட்டரி ஓயும். ஓய்ந்ததும், உடம்பில் ஒரு குறையும் இல்லாத கருவி தன் ஞாபகத்தை இழந்து நிற்கும். 545-இன் உண்மை திருகுகளிலும் ரெஸிஸ்டர்களிலும் இருந்தது. இவற்றின் உண்மை ஒரு பொத்தான் பாட்டரியின் தயவில் இருக்கிறது. இத்தகைய கருவி வைத்திருப்பவர்கள், அது நன்றாய் இருக்கும்போதே அந்த எண்களைப் பிரதி எடுத்துக்கொண்டு பாட்டரியை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

இனி, இரண்டாவது கடமைக்கு வருவோம். கருவி பிழைத்துவிட்டது, அது சொல்வது மெய்யா? ஒரு கருவியை இன்னொரு கருவியால் சரிபார்க்கலாம். அந்த இன்னொன்றை? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் எங்கேயாவது ஒரு முடிவு வேண்டுமல்லவா? நம் தேசத்தில் அந்த முடிவான இடம் டில்லியில் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 21-இல் ஸர்தார் வல்லபபாய் படேல் திறந்து வைத்த தேசீய பௌதிக ஆராய்ச்சிசாலைதான் அது. அதன் முதல் டைரக்டர், நம் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டறிவதில் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன். வோல்ட், ஓம், மீட்டர், விநாடி முதலியவற்றுக்கு இந்தியாவின் மூலப் பிரமாணங்களைக் காக்கும் பொறுப்பு அந்த ஸ்தாபனத்தினுடையது. அன்னியர் அளந்து சொன்னதை ஏற்றுக்கொண்டிருந்த நாடு தன் அளவைத் தானே வைத்துக்கொள்ளத் தொடங்கினதும் சுதந்திரத்தின் ஒரு பகுதியே.

முற்காலத்தில் வோல்ட்டின் பிரமாணம் வெஸ்டன் ஸெல் என்னும் கண்ணாடிக் குழாய். பாதரஸமும் காட்மியமும் சேர்ந்த அது, 20 டிகிரி உஷ்ணத்தில் 1.0186 வோல்ட் தரும். அதிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, மகாராஜாவைப் போல் வைத்துக் காப்பாற்ற வேண்டும். 1962-இல் பிரையன் ஜோஸப்ஸன் என்ற பிரிட்டிஷ் இளைஞர் முன்கூட்டிச் சொன்ன ஒரு விளைவு, இந்த உபசாரத்துக்கெல்லாம் முடிவு கட்டியது. கடுங்குளிரில் வைத்த சில உலோகச் சந்திகளில் நுண்ணலையைப் பாய்ச்சினால், அலையின் அதிர்வெண்ணைக் கொண்டே வோல்ட்டைக் கணக்கிட்டுவிடலாம். 1990 முதல் உலகம் முழுவதும் அந்த முறை வழக்கத்திற்கு வந்தது.

வீட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பவர் டில்லிக்கு ஓட வேண்டியதில்லை. வழக்கு மன்றத்தில் செய்வது போல ஒன்றுக்கொன்று உறவில்லாத சாட்சிகளை அழைக்கலாம். வெவ்வேறு கம்பெனியார் செய்த மீட்டர்கள் மூன்றை ஒரே பாட்டரியில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துச் சொன்னால் பெரும்பாலும் மெய்யாய்த்தான் இருக்கும்; இரண்டு ஒத்து ஒன்று மாறினால், மாறினவனை விசாரியுங்கள். இரண்டே மீட்டர் இருந்து அவை சண்டையிட்டுக்கொண்டால் எது பொய்யன் என்று கண்டுபிடிக்க முடியாது என்பதையும் கவனியுங்கள். நேரத்துக்கு மலிவான சாட்சி, குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம். அதைவிட மலிவு, நம் வீட்டு மெயின்ஸ். 50 ஸைக்கிள் என்றால் ஓர் அலைக்கு 20 மில்லி விநாடி. அது அவ்வப்போது துளி ஏறி இறங்குமாதலால் நுட்பமான சோதனைக்கு உதவாது; ஆனால் ஆஸிலாஸ்கோப் நூற்றுக்குப் பத்துப் பங்கு தப்பாக ஓடுகிறதா என்று காட்டிக் கொடுத்துவிடும். ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் மூலம் சில வோல்ட்டாகக் குறைத்துக்கொண்டு பாருங்கள். மெயின்ஸிலே நேராகத் தொடுகோலை வைத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பின்பும் கைவிட வேண்டிய கருவிகள் உண்டு. படக்குழாய் உண்மையிலேயே உயிரிழந்தால் இன்று அதைப் புதிதாய்ச் செய்து தருவார் இல்லை. அப்படிப்பட்டதை எடைக்குப் போடாமல் அங்கங்களுக்காக வைத்திருந்தால், மற்றொரு 545 பிழைக்கும். பிழைத்த கருவியை மூடும் முன்பு ஒரு சிறு காகிதத்தில் இன்ன தேதியில் இன்ன கண்டென்ஸர் மாற்றப்பட்டது, மைனஸ் 150 இன்ன மீட்டரில் இவ்வளவு காட்டியது, திருகு தொடப்பட்டதா இல்லையா என்று எழுதி, அந்த வெள்ளிப் பற்றாசுச் சுருளின் பக்கத்திலேயே செருகிவிடுங்கள். அடுத்தாற்போல் திறக்கப் போகிறவருக்கு அது மிகவும் வேண்டியிருக்கும்.